ஐந்நூறு மீட்டர் கடிதம்

உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் வட்டாரத்துக்குக் கல்குவாரியும் கிரஷரும் புதிதல்ல. பக்கத்தில் இன்னொரு குவாரி வருகிறது என்றால் ஊரார் உடனே ஆட்சியருக்கு மனு எழுதுவார்கள். எழுதட்டும். ஆனால் அதற்கு முன் கைக்கு வர வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் 500 மீட்டர் கடிதம். புதிய குவாரியைச் சுற்றி 500 மீட்டருக்குள் வேறு எத்தனை குவாரிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஐந்து ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 12 ஏக்கருக்கு, உட்பட்ட தனிக் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. முன்பு இந்த அளவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படவில்லை. அதனால்தான் மலையைத் துண்டு போட்டுக் குத்தகை எடுக்கும் வழக்கம் வளர்ந்தது. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அருகருகே உள்ள குவாரிகளின் பரப்பைக் கூட்டினால் ஐந்து ஹெக்டேரைத் தாண்டும் இடத்தில் கருத்துக்கேட்பு வேண்டும் என்று 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஊருக்குப் பேச வாய்ப்பு உண்டா இல்லையா என்பது அந்தக் கூட்டல் கணக்கில் இருக்கிறது.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, முன்னெச்சரிக்கைக் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சேதம் வரும் என்று ஊரார் நிரூபிக்க வேண்டியதில்லை. வராது என்று தொழில் நடத்துபவர்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த நிரூபணம் அடங்கிய தடித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. தமிழில் கிடைப்பது அதன் சுருக்கம். வெடி வைக்கும் முறையும் நிலத்தடி நீர் அட்டவணையும் தேடுகிறவர் ஆங்கிலப் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை குவாரிக்காரருக்கு, படிக்கும் சுமை ஊருக்கு!

இன்னொரு சிக்கல் நாள் கணக்கு. கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தரவும் பொதுவாக 30 நாள் அவகாசம். கூட்ட அறிவிப்பைப் பார்த்த பிறகு பத்து ரூபாய் கட்டணத்தோடு 500 மீட்டர் கடிதம் கேட்டு விண்ணப்பித்தால், பதில் வருவதற்குள் கூட்டம் முடிந்திருக்கக்கூடும். குவாரி பற்றிய பேச்சு காதில் விழுந்ததுமே மனுப் போடுவதுதான் புத்திசாலித்தனம். கடிதத்தோடு சுரங்கத் திட்டத்தின் நகலையும் கேட்கலாம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளியே கல் உடைக்க வேண்டும் என்பது தமிழக விதி. வரைபடத்தில் அந்தத் தூரத்தை அளந்து பார்த்துவிடலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அந்த ஆணையை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதுவும் தவறிப்போனாலும், நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்று ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குவாரிக்காரர் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். நகல் கேட்கும் எவருக்கும் தர வேண்டியது.