சிவப்பழகு கிரீமும் நுரைக்கும் சிறுநீரும்

காலையில் கண்ணிமை உப்பியிருக்கும். மாலையில் கொலுசு அழுத்திய தடம் பள்ளமாக நிற்கும். இந்த வீக்கத்தோடு வரும் இளம்பெண்கள் நேராகச் சிறுநீரக மருத்துவர்களான எங்களிடம் வருவதில்லை. பார்லி கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய 'நீர் போகிற மாத்திரை' என்று எல்லாம் முடிந்து, மாதங்கள் கழித்துத்தான் வருகிறார்கள். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. "முகத்துக்கு ஏதாவது பூசுறியாம்மா?" என்று கேட்டால் பதில் வராது, பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

கோட்டக்கல் தந்த துப்பு

இந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற புரதம் ஒழுகும் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரின் சிறுநீரகத் திசுவில் 'நெல்-1' என்ற புரதம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். ஒருவருக்கு மூளைச் சிரையில் ரத்தமே உறைந்துவிட்டது. ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது என்பதை எப்படி ஒதுக்க முடியும்?

"மேலேதானே டாக்டர் பூசுறோம்?"

இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது தோல் வழியே ரத்தத்துக்குப் போகும். ஆவியாகி மூச்சிலும் ஏறும். பூசியவரின் துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, மடியில் கிடக்கும் குழந்தைக்கும் சேரும்.

"ஹெர்பல்னு போட்டிருக்கே?" போட்டிருக்கும். பாதரசம் கலந்திருப்பதை டப்பாவில் எழுதி விற்பவர் எவர்? பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தம் அழகுப் பொருளில் அதற்கு முன்பு வைத்திருந்த வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்; இப்போது சேர்க்கவே கூடாது. தயாரித்தவர் பெயர்கூட இல்லாத டப்பாவுக்கு எந்த வரம்பு? பத்தே நாளில் நிறம் மாறினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் சுரக்கவிடாமல் பாதரசம் தடுப்பதால் வரும் வெளுப்பாக அது இருக்கலாம்.

"நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது" என்பது அடுத்த நம்பிக்கை. பாதரசம் சேர்ந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் இதே நெல்-1 நோய்க்கும் உள்ள தொடர்பை 2022-இலேயே சென்னை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பெயர் தெரியாத பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, எங்களிடம் மட்டும் மாத்திரையின் பக்கவிளைவைத் துருவித் துருவிக் கேட்பார்கள்!

எல்லாவற்றையும்விடக் கெடுதலான நிம்மதி, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் "கிரியாட்டினின் நார்மல்" என்பது. இந்த நோயில் கிரியாட்டினின் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். கெட்டது புரதத்தைப் பிடித்து வைக்கும் சல்லடை. கிரியாட்டினின் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் உட்கார்ந்தால், புரதம் சிறுநீரில் ஒழுகி நுரைத்துக்கொண்டே இருக்கும்.

சோதனை

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஆல்புமின், தேவைப்பட்டால் சிறுநீரகத் திசுப் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

முகூர்த்தம் குறித்த வீடுகளில்தான் இந்த டப்பாக்கள் அதிகம் புழங்குகின்றன. பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசும் அத்தைமார்களே, தயவுசெய்து வாயைக் கட்டுங்கள். பியூட்டி பார்லரில் பெயரில்லாத டப்பாவில் அள்ளித் தந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாக வாங்கி வந்தாலும் லேபிளில் தயாரித்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நின்றால் அந்த வாரமே வாருங்கள். பூசுவதை உடனே நிறுத்துங்கள். ஆனால் மிச்சமிருக்கும் டப்பாவை வீசிவிடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வாருங்கள், பாதரசம் இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும்.