நூறாண்டுக்குப் பின் பறந்த பெட்டிப் பட்டம்

கொடியில் உலரப் போட்ட சேலை காற்றுக்கு உப்பி எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்ப கால இராணுவ விமானங்களும் ஏறக்குறைய அத்தகையவைதாம். மரச் சட்டம், அதன் மேல் இழுத்துத் தைத்த துணி, இடையிடையே இழுகம்பிகள், அவ்வளவுதான்.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் நிறுவனம் 1910இல் செய்த 'பொக்ஸ்கைட்' அவற்றுள் ஒன்று. பெட்டிப் பட்டம் என்று பொருள். மேலும் கீழுமாக இரட்டைச் சிறகுகள். விமானிக்கு அறை கிடையாது. கீழ்ச் சிறகின் முன் விளிம்பில், வெட்டவெளியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். இயந்திரம் அவரது முதுகுக்குப் பின்னால். வேகம் மணிக்குச் சுமார் 65 கிலோமீற்றர்.

1914 மார்ச் 1ஆம் திகதி, மெல்பேர்ன் நகருக்கு அண்மையிலுள்ள பொயின்ட் குக்கில், லெப்டினன்ட் எரிக் ஹரிசன் இத்தகைய விமானமொன்றில் எழும்பினார். ஆவுஸ்திரேலிய இராணுவத்தின் முதல் பறப்பு அதுவே. அதன் நூற்றாண்டை முன்னிட்டு, ஓய்வுபெற்ற விமானப்படைப் பொறியியலாளர் இருவர் முன்னின்று அதே போன்ற ஒன்றைச் செய்தார்கள். 2013 செப்டெம்பரில் அது அதே பொயின்ட் குக்கில் பறந்தது.

நூதனசாலையில் வைப்பதற்கென்றால் பார்வைக்கு ஒத்திருந்தாலே போதும். பறப்பதற்கென்றால்? அதில் ஒரு மனிதர் ஏறி உட்கார வேண்டுமே! இங்கேதான் சிக்கல்.

மூல விமானத்தின் 50 குதிரைவலு 'நோம்' இயந்திரம் விசித்திரமானது. விசிறி மட்டுமல்ல, இயந்திரமே சுற்றிச் சுழலும். அதற்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். ஆம், சிறுபராயத்தில் உம்மா மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே எண்ணெய்தான். சுழலும் இயந்திரம் அதை நாற்புறமும் சிதறும். இயந்திரம் முன்னால் இருந்த விமானங்களில், அதைச் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை நான் விபரிக்கத் தேவையில்லை.

பொயின்ட் குக் விமானத்தில் அந்த இயந்திரத்தை விட்டு, புதிய இயந்திரமொன்றைப் பூட்டினார்கள். அப்படியானால் அது அசலாகுமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் சிறகின் விளிம்பில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. செய்தவர்கள் சரியாகவே செய்தார்கள் என்பது என் எண்ணம். புதிய இயந்திரம் பூட்டினாலும் காற்றின் முன்னே அது பழைய துணிப் பட்டமேதான்.

1965இல் வெளியான ஒரு திரைப்படத்துக்காகவும் இங்கிலாந்தில் பொக்ஸ்கைட் பிரதிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்று பிரிஸ்டல் நூதனசாலையில் கூரையிலிருந்து தொங்குகிறது. மற்றொன்று ஓல்ட் வோர்டன் என்னும் கிராமத்திலுள்ள ஷட்டில்வேர்த் சேகரிப்பில் இருக்கிறது. அது பறப்பது, காற்று அடங்கி மர இலைகூட அசையாத பொழுதுகளில் மட்டுந்தான்.