சந்தைப் பாட்டும் சிம்பொனி மேடையும்

1905. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பிரிக் என்ற சிற்றூர். அங்கே நடந்த இசைப்போட்டியில் எழுபது வயதைத் தாண்டிய ஜோசப் டெய்லர் ஒரு நாட்டுப்பாடலைப் பாடினார். பண்ணை மேற்பார்வையாளர் அவர். சந்தைக்குப் போய்க் காதலியைச் சந்திக்கும் இளைஞனின் பாட்டு அது. அவருக்கு இரண்டே கண்ணிகள்தான் நினைவிருந்தன!

கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் பெர்சி கிரெய்ஞ்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மெட்டைக் குறித்துக்கொண்டார், வேறு பாடல்களிலிருந்து வரிகள் சேர்த்துச் சேர்ந்திசையாக அமைத்தார். மறு ஆண்டு ஃபோனோகிராஃப் கருவியோடு வந்து, மெழுகு உருளைகளில் டெய்லரின் குரலையே பதிவுசெய்தார். முதியவரின் நெளிவு சுளிவுகளையும் கமகங்களையும் தாளில் முழுதாக எழுதிவிட முடியாதே!

அந்தச் சேர்ந்திசையில் மயங்கியவர் இசையமைப்பாளர் ஃபிரடெரிக் டீலியஸ். 1907இல் அவர் இயற்றிய ஆர்கெஸ்ட்ரா படைப்புதான் 'பிரிக் ஃபேர்' (பிரிக் சந்தை). புல்லாங்குழலும் ஹார்ப்பும் தொடங்கிவைக்க, ஓபோ மெட்டை எடுக்கிறது. பிறகு அதே மெட்டு கால்மணி நேரம் வெவ்வேறு சாயல்களில் வளர்கிறது. ஓரிடத்தில் மணியோசையோடு சவ ஊர்வலம் போலவும் கனக்கிறது.

இதற்கு டீலியஸ் கொடுத்த துணைத்தலைப்பு 'ஓர் ஆங்கில ராப்சடி'. வேடிக்கை என்னவென்றால், அவரது பெற்றோர் ஜெர்மானியர்கள், அவர் குடியிருந்தது பிரான்சில், படைப்பு அரங்கேறியதோ சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில்.

டெய்லரின் பாடல்களை 1908இல் கிராமஃபோன் நிறுவனம் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. தன் படைப்பை டீலியஸ் கிரெய்ஞ்சருக்கே காணிக்கையாக்கினார்.