பிடித்தம் முந்தி, மருந்து பிந்தி

பிளவக்கல் அணையின் மதகு திறக்கும் நாளில், வத்திராயிருப்புப் பக்கத்துக் கடைமடை விவசாயியிடம், "தண்ணீர் திறந்தாயிற்றாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "திறந்தது சரி, என் வயலுக்கு வந்ததா என்று கேளுங்கள்" என்பார். வழியில் எத்தனை மடை, எத்தனை உடைப்பு என்பது அவருக்கல்லவா தெரியும்!

அதே கேள்வியைத்தான், தோழர்களே, ஓய்வூதியத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அரசு திறந்துவிட்டது எவ்வளவு? முதியவர் கையில் சேர்ந்தது எவ்வளவு?

தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கென 2014ல் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. சந்தா மாதம் 150 ரூபாய். 2018ல் அது 350 ஆயிற்று. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து 497! எட்டே ஆண்டுகளில் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. இந்தச் சந்தாவைக் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஓய்வூதியம் வங்கிக்கு வருமுன்பே வெட்டு விழுந்துவிடுகிறது.

"அப்படியானால் காப்பீடே வேண்டாம் என்கிறாயா?" என்று சீறுவார் ஒரு நண்பர். இல்லை ஐயா, இல்லை! 2022 திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை உதவி உண்டு. இதய அறுவைக்கு வீட்டை விற்காமல் பிழைத்த குடும்பங்கள் உண்டு. காப்பீடு என்பது ஊர் கூடித் தேர் இழுப்பது. திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தேரைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? ஆனால் வடம் பிடிக்கையில், வாட்டசாட்டமான வாலிபனும் வற்றலாய் உலர்ந்த கிழவனும் ஒரே அளவு பாரம் இழுத்தாக வேண்டும் என்று எந்த ஊரிலாவது சட்டம் உண்டா?

இங்கே உண்டு. 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய் என்று வைத்தார்கள். கடைநிலை ஊழியர் ஒருவரின் விதவை அந்த 7,850ஐ அடிப்படையாகக் கொண்டு குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார் என்று வையுங்கள். அவருக்கும் 497. அடிப்படை ஓய்வூதியமே 50,000 பெறுகின்ற பெரிய அதிகாரிக்கும் அதே 497. அதிகாரிக்கு அது நூற்றுக்கு ஒன்று; அம்மையாருக்கு நூற்றுக்கு ஆறுக்கு மேல்! அகவிலைப்படி 2 சதவீதம் உயர்ந்தால் அந்த அம்மையாருக்குக் கிடைப்பது 157 ரூபாய். சந்தா 350லிருந்து 497க்கு ஏறியபோது போனது 147. மிச்சம் பத்து ரூபாய். ஏற்றம் வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

சரி, கொடுத்த 497க்கு மாத்திரையாவது வருமா? வராது. படுக்கையில் விழுந்தால் பாலிசி பேசும். மருந்துக்கடை வரை நடந்து போக முடிந்தால் அது ஊமை. முதுமையின் அன்றாடச் செலவோ அறுவைச் சிகிச்சையல்ல. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை. அதற்கென்று மருத்துவப்படி இருக்கிறதே என்பார்கள். 2017ல் அதை 100லிருந்து 300 ஆக்கினார்கள், உண்மை. 300ஐ இடக்கையால் கொடுத்து, 497ஐ வலக்கையால் எடுத்தால் மாத்திரைக்கு எங்கே போவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது என்பதை நான் மறைக்கவில்லை. சந்தாவே கேட்காத திட்டம் மாத்திரை தருகிறது, சந்தா வாங்கும் திட்டம் தரவில்லை. அதுதான் என் வியப்பு.

டாலர் தேசம் என்று நாம் ஏசுகிறோமே, அந்த அமெரிக்காவைப் பாருங்கள். முதியோரின் மருந்துச் சீட்டுக்கென்றே தனிக் காப்பீடு வேண்டும் என்று 2003ல் சட்டம் செய்து, 2006ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கும் சந்தா உண்டு. ஓய்வூதியத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் 2011 முதல் பெரிய வருமானக்காரருக்குச் சந்தா கூடுதல். வறிய முதியவருக்குச் சந்தாவிலும் மருந்து விலையிலும் சலுகை. பணக்காரன் நாட்டுக்கே தெரிந்த தராசு நமக்குத் தெரியாமற்போனது ஏன்?

இனி, இராசபாளையத்து ஆலைத் தோழர்களுக்கு ஒரு சேதி. உங்களுக்கு அரசு ஓய்வூதியம் இல்லை, வைப்புநிதி ஓய்வூதியம்தான். 2014 செப்டம்பரில் அதன் குறைந்த அளவை 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். சத்திரப்பட்டியில் தறியில் நிற்பவர் நாட்டின் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறார்; அவர் புண்ணுக்கு மருந்து வாங்க இந்த ஆயிரமா! ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் ஓர் உரிமை உண்டு, பலர் அறியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணம் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் உண்டு, மருந்தும் உண்டு. மாதத்துக்குப் பத்தே ரூபாய்! ஈ.எஸ்.ஐ. மருந்தகம் மாத்திரை கொடுக்கும். படுக்கை வேண்டுமானால் சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

ஆக, கேட்க வேண்டியது இரண்டு: ஓய்வூதியத்தின் அளவுக்கேற்ற சந்தா, அந்தச் சந்தாவுக்குள்ளேயே மாதாந்திர மருந்து. அதைக் கேட்டு மனுவும் மாநாடும் நடக்கட்டும். அதற்கிடையே கிளைக் கழகத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். தெருவில் ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி யார் யார் என்று எழுதுங்கள். அவரவர் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் வேலை பார்த்த சான்றையும் பெட்டியடியிலிருந்து தேடி எடுக்கச் சொல்லி, கையோடு ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 120 ரூபாய்க்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.