ஒரு பாட்டுக்கு எத்தனை சென்?

கைப்பேசியில் ஒரு பாட்டைத் தட்டினால் அடுத்த நொடியே ஒலிக்கிறது. அதற்காக மாதந்தோறும் வீட்டில் செலுத்தும் சந்தாவில், அதைப் பாடியவருக்கு எவ்வளவு போகிறது? சொந்தமாகப் பாடல் வெளியிடும் ஆசை உள்ள மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

சுருங்கிய ஒலி

ஒலிநாடா, குறுவட்டுக் காலத்தில் பாடலை வெளியிட ஓர் இசை நிறுவனத்தின் துணை தேவைப்பட்டது. வட்டுகளை அச்சிடுவது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் முதலீடு வேண்டும். விற்காத வட்டு நட்டம்தான். அதனால் நிறுவனங்கள் ஒரு சிலருக்கே வாய்ப்பளித்தன.

இந்நிலையை மாற்றியது ஒலியைச் சுருக்கும் தொழில்நுட்பம். குறுவட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. 4 நிமிடப் பாடலுக்கு ஏறக்குறைய 42 மெகாபைட் இடம் தேவை. தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த 1990-களில் அதைப் பதிவிறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகம் முக்கியப் பங்காற்றி உருவாக்கிய எம்பி3 முறை, நம் செவியின் ஓர் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டது. பலத்த ஒலி எழும்போது, அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை. கேட்காத பகுதிக்கான தகவலைக் குறைத்தால் அதே பாடல் 4 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

திறந்த கதவு

படியெடுக்கச் செலவில்லை என்றானதும் குழப்பமும் வந்தது. 1999-இல் தொடங்கிய நாப்ஸ்டர் வழியாகப் பலர் இலவசமாகப் பாடல்களைப் பரிமாறிக்கொண்டனர். காப்புரிமை வழக்கால் அது 2001-இல் முடங்கியது. 2003-இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாடலை 99 அமெரிக்கக் காசுக்கு விற்றது. 2008-இல் ஸ்பாட்டிஃபை சேவைக்கு வந்தது. பாடலை வாங்காமல் சந்தா கட்டிக் கேட்கும் பழக்கம் பரவியது.

இன்று யார் வேண்டுமானாலும் ஒரு சிறிய கட்டணத்தில் இணைய விநியோக நிறுவனம் மூலம் உலகமெங்கும் பாடலை வெளியிடலாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. எந்தப் பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று கணக்கிட அது உதவுகிறது. நம் நாட்டின் யூனா, மைஸ்பேஸ் தளத்தில் தம் பாடல்களைப் பதிவேற்றித்தான் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கவனத்தைப் பெற்றார்.

பங்கிடும் கணக்கு

கதவு திறந்தால் வருமானமும் வந்துவிடுமா? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

ஒரு தளத்தில் இரண்டே சந்தாதாரர்கள் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 10 ரிங்கிட் கட்டுகிறார்கள். தளம் தன் பங்காக 3 ரிங்கிட் வீதம் எடுத்துக்கொண்டால் 14 ரிங்கிட் மிஞ்சும். முதலாமவர் உள்ளூர்ப் பாடகரின் பாடல்களை மட்டும் 20 முறை கேட்கிறார். இரண்டாமவர் புகழ்பெற்ற பாடகரை மட்டும் 180 முறை கேட்கிறார்.

பெரும்பாலான தளங்கள் எல்லாப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கேட்ட எண்ணிக்கைப்படி பிரிக்கின்றன. மொத்தம் 200-இல் 20 என்றால் பத்தில் ஒரு பங்கு. உள்ளூர்ப் பாடகருக்குக் கிடைப்பது 1 ரிங்கிட் 40 சென். மீதி 12 ரிங்கிட் 60 சென் புகழ்பெற்றவருக்கு. அதாவது, முதலாமவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி அவர் ஒருமுறைகூடக் கேட்காத பாடகருக்குச் சென்றுவிடுகிறது!

ஒவ்வொருவர் சந்தாவையும் அவரவர் கேட்ட பாடகருக்கே பிரித்துக் கொடுத்தால் உள்ளூர்ப் பாடகருக்கு 7 ரிங்கிட் கிடைக்கும். சவுண்ட்கிளவுட் 2021-இல் சுயாதீனக் கலைஞர்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. ஆனால் இதிலும் எல்லாருக்கும் இலாபம் இல்லை. இரவு பகலாகக் கேட்கும் இரசிகர்களைக் கொண்ட சிறு கலைஞருக்கு இது வருமானத்தைக் குறைக்கவும் கூடும்.

போட்டியும் கடுமையானது. ஸ்பாட்டிஃபையில் மட்டும் 10 கோடிக்கும் அதிகமான பாடல்கள் உள்ளன. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அங்கே ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது. ஆகவே பல கலைஞர்கள் மேடை நிகழ்ச்சி, இரசிகர்களிடம் நேரடி விற்பனை என வேறு வழிகளையும் நாடுகிறார்கள்.

பாடலை உலகெங்கும் கொண்டுசேர்க்கும் சிக்கலைத் தொழில்நுட்பம் தீர்த்துவிட்டது. பணத்தைப் பங்கிடும் விதி மனிதர்கள் வகுத்தது. அதை மாற்றவும் முடியும். நாளை பாடல் வெளியிடப்போகும் மாணவர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பாடலின் உரிமை யாருக்கு, பங்கு எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.