"ஓடு" என்கிறது பயம்! "வா" என்கிறது ஆவல்!

சிவகாசியில் ஒரு தெருவில் பட்டாசு "டமார்" என்று வெடிக்கிறது. படுத்துக் கிடந்த நாய் எழுந்து ஓட்டம் பிடிக்கிறது.

"ஓடு" என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

யாருமே இல்லை. அது பிறவியிலேயே வந்தது.

இப்படி, கற்றுக் கொடுக்காமலே உயிர்களைத் தூண்டிவிடும் சக்திக்கு "இயல்பூக்கம்" என்று பெயர். இயல்பு என்றால் கூடப் பிறந்த குணம். ஊக்கம் என்றால் தூண்டுதல்.

கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக் குஞ்சைப் பாருங்கள். தாய்க்கோழி கரையில் நின்று தவிக்கும். குஞ்சோ தண்ணீரில் இறங்கி நீந்தும். அதுதான் இயல்பூக்கம்!

எது இயல்பூக்கம் அல்ல?

வெடிச் சத்தம் கேட்டதும் கண் இமை மூடுகிறதே, அது அனிச்சைச் செயல்.

பட்டாசு ஆலைப் பெண்கள் மளமளவென்று திரி சொருகுகிறார்களே, அது பழக்கம். பல நாள் உழைத்துக் கற்றது.

காரணம் தெரியாமல், "இன்று யாரோ வரப்போகிறார்கள்" என்று மனதில் படுகிறதே, அது உள்ளுணர்வு.

மனிதனுக்கும் உண்டு

1908-ம் ஆண்டில் மக்டூகல் என்ற மனநூல் அறிஞர் மனிதனின் இயல்பூக்கங்களைப் பட்டியல் போட்டார். ஆபத்தைக் கண்டு ஓடுவது ஒன்று. புதுமையைக் கண்டு கிட்டே போவது மற்றொன்று. பிள்ளையைக் காப்பது இன்னொன்று. பிறர் துன்பம் கண்டு ஓடி உதவுவதும் இதிலிருந்து பிறந்ததே என்றார் அவர்.

இவை ஒன்றோடு ஒன்று மோதினால் என்ன ஆகும்?

முதலிப்பட்டி சொல்லும் பாடம்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. புகையைக் கண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். சிலர் காப்பாற்ற வந்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

தீ பரவியது. பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல!

இயல்பூக்கத்துக்கு எரியும் விறகைத் தெரியும். வெடிமருந்துக் கிட்டங்கியைத் தெரியாது. ஓர் அறை எரிந்து அடங்கினால், "ஆபத்து தீர்ந்தது" என்று மனம் நினைக்கும். ஆனால், ஒரு தீப்பொறி பறந்து அடுத்த அறையில் விழுந்தால் போதும்.

இதை இயல்பூக்கம் சொல்லாது. அறிவுதான் சொல்ல வேண்டும். அறிவோ கற்றால்தான் வரும்.

ஆகவே, பட்டாசு ஆலையில் புகை கண்டால் கிட்டே போகாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தூரம் விலகுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். உதவி செய்ய அதுவே சரியான வழி.

இதை இன்றே வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்!