கடை திறந்திருக்கிறது, வழிதான் தெரியவில்லை!

"வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னால், "டைப்பிங்கா? கணக்கு எழுதுவதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "அதெல்லாம் இல்லை. மற்றவர்களுடைய வெப்சைட் கூகுளில் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்வேன்" என்று பதில் சொன்னால், "இப்படியும் ஓர் உத்தியோகமா!" என்று மூக்கின்மேல் விரலை வைப்பார்கள்.

இதற்கு 'டெக்னிகல் எஸ்.இ.ஓ.' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வாசல் திறந்திருக்கிறதா, விலாசம் சரியா, வருகிறவருக்கு உள்ளே வர சௌகரியமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைதான் அது. குடித்தனம் நடத்துகிற நமக்குத் தெரியாத விஷயமா என்ன?

சாம்பார் பொடி, அப்பளம், ஆரி வேலை செய்த ரவிக்கை, புடவை என்று வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிற சகோதரிகள் இன்று எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட்டும் இருக்கிறது. நன்றாக நடந்துகொண்டிருந்த வியாபாரம் ஒரு நாள் திடீரென்று படுத்துவிடும். "கண் திருஷ்டி" என்பார் மாமியார். "விளம்பரம் போதவில்லை" என்பார் கணவர். உண்மைக் காரணம் பெரும்பாலும் எங்கோ ஓர் இடத்தில் விட்டுப்போன சின்ன விஷயமாக இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பதற்கு முன்னால் யாருக்கும் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூகுள் செய்யும் மூன்று காரியங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவர் 1998-ல் தொடங்கிய நிறுவனம் கூகுள். நாம் ஒன்றைத் தேடும்போதுதான் அது உலகம் முழுவதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்திருக்கிற பட்டியலிலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது.

இதில் மூன்று காரியங்கள் உண்டு. முதலில் 'கூகுள்பாட்' என்கிற அதன் ஆள் (மனிதரல்ல, கம்ப்யூட்டர் நிரல்தான்) ஒவ்வொரு வெப்சைட்டாகப் போய்ப் பக்கங்களைப் படிக்கிறார். அடுத்து, படித்ததில் வைத்துக்கொள்ளத் தக்கதைப் பட்டியலில் பதிகிறார்கள். கடைசியாக, யாராவது தேடும்போது அந்தப் பட்டியலிலிருந்து பொருத்தமானதைக் காட்டுகிறார்கள்.

வியாபாரம் படுத்துவிட்டால் இந்த மூன்றில் எந்த இடத்தில் தடை என்று பார்க்க வேண்டும். வரவே முடியவில்லையா? வந்தும் பதியவில்லையா? பதிந்தும் பின்னால் தள்ளிவிட்டார்களா? இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஜமக்காளக் கடையில் நடந்தது

ஈரோடு பக்கத்தில் ஓர் அம்மாள். கணவர் காலமான பிறகு, பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் வாங்கி வெப்சைட் மூலம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எனக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, போன மாசம் வரைக்கும் தெனம் ஏழெட்டு ஆர்டர் வந்துட்டிருந்துச்சுங்க. பழைய வெப்சைட்டு நல்லால்லைன்னு புதுசாப் போட்டோம். அப்புறம் ஒண்ணையுங் காணோம். நாலு தறிக்காரங்களுக்குத் தீவாளிக்கு முன்னால கூலி குடுத்தாகோணும்."

"வேற யாருகிட்டயாவது கேட்டீங்களா, அக்கா?"

"ஒரு தம்பி போன்ல பேசுனாருங்க. கூகுள்ல மொதலிடம் வாங்கிக் குடுத்தர்றேன், முப்பதாயிரம் ஆகும்னாரு. கைவளையலை அடகு வெச்சுக் குடுத்தர்லாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"ஒரே ஒரு நாள் பொறுங்க. நோய் என்னன்னு தெரியாம மருந்து வாங்க வேண்டாம்" என்றேன்.

முதல் சோதனை எல்லோரும் செய்யக்கூடியது. கூகுள் தேடலில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்கால்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் விலாசத்தை எழுத வேண்டும். உங்கள் பக்கங்களில் கூகுள் பதிந்தவை வரிசையாக வரும். எல்லாமே வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நாடி பார்க்க இது போதும். அந்த அம்மாளின் கடைக்கு வந்தவையெல்லாம் பழைய வெப்சைட்டின் பக்கங்கள். தட்டினால், 'பக்கம் இல்லை' என்ற 404 அறிவிப்பு. புதிய பக்கம் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது 'சர்ச் கன்சோல்'. வெப்சைட் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுளே இலவசமாகத் தருகிற வசதி. 2015 வரை 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' என்று பெயர். கடைக்கு உரிமையாளர் நாம்தான் என்று நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று அதில் பார்க்கலாம். அன்றே கணக்கைத் திறந்து முகப்புப் பக்கத்தின் விலாசத்தைக் கொடுத்தேன். பதில் தெளிவாக வந்தது: 'நோஇன்டெக்ஸ்' குறி இருப்பதால் இந்தப் பக்கத்தைச் சேர்க்கவில்லை.

'நோஇன்டெக்ஸ்' என்றால், "உள்ளே வந்து பார்க்கலாம், ஆனால் வெளியே யாருக்கும் காட்டாதே" என்று அர்த்தம். வேர்ட்பிரஸ்ஸில் கட்டிய வெப்சைட் அது. அதன் செட்டிங்ஸில் 'ரீடிங்' என்ற பகுதிக்குப் போனால், தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள ஒரு சிறு கட்டம் இருக்கும். வெப்சைட் கட்டிக்கொண்டிருக்கும்போது, அரைகுறை வீட்டை ஊரார் பார்க்க வேண்டாமே என்று அந்தக் கட்டத்தில் டிக் போடுவது நல்ல வழக்கம்தான். கட்டிக் கொடுத்தவர் கிரகப்பிரவேசத்தன்று அதை எடுக்க மறந்துவிட்டார். அவ்வளவுதான் சங்கதி! டிக்கை எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

விலாசம் மாறினால்...

இதோடு தீரவில்லை. பழைய பக்கங்களின் விலாசம் வேறு, புதியவற்றின் விலாசம் வேறு. வீடு மாறும்போது, "எங்களுக்கு வருகிற கடிதங்களைப் புது விலாசத்துக்கு அனுப்புங்கள்" என்று தபாலாபீசில் எழுதிக் கொடுப்போமே, அதை இங்கே யாரும் செய்யவில்லை. வெப்சைட்டில் இந்த ஏற்பாட்டுக்கு '301 ரீடைரக்ட்' என்று பெயர். நிரந்தரமாக மாறிவிட்டோம் என்பதற்கு 301. தாற்காலிகமாக என்றால் 302.

பழைய ஆர்டர் ஈமெயில்களையும், வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இணைப்புகளையும் அந்த அம்மாளும் அவர் மருமகளும் உட்கார்ந்து தேடி எடுத்தார்கள். அறுபது விலாசங்களுக்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் நேரான புதுப் பக்கத்தைப் பார்த்து இணைத்தோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் வேலை மிச்சம் என்று சிலர் செய்வதுண்டு. அது சரியல்ல. சிவப்பு ஜமக்காளம் தேடி வந்தவரைக் கடை வாசலில் நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அதை 'பக்கம் இல்லை' என்றே கணக்கில் வைக்கக்கூடும். இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஒரு வருஷமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பிறகு, பக்கங்களின் விலாசங்களையெல்லாம் ஒன்றாக எழுதிய 'சைட்மேப்' பட்டியலைச் சர்ச் கன்சோலில் கொடுத்தோம். முக்கியமான சில பக்கங்களுக்கு, "வந்து பாருங்கள்" என்று தனியாக விண்ணப்பமும் போட்டோம். அதற்கு மேல் காத்திருக்கத்தான் வேண்டும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து மறுபடி எதையாவது மாற்றிக் குழப்பிவிடுகிறார்கள். கூகுள் மறுபடி வந்து பார்க்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

நாலாம் நாள் முகப்புப் பக்கம் தெரிந்தது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் பெரும்பாலான பக்கங்கள் வந்துவிட்டன. போன ஒரு மாச வியாபாரம் போனதுதான்; அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் தீபாவளிக்கு முந்தின பத்து நாள் ஆர்டர் கைக்கு வந்தது. தறிக்காரர்களுக்குக் கூலியும் கொடுத்தார். வளையல் அடகுக் கடைக்குப் போகவில்லை.

'முதலிடம்' விற்பவர்கள்

அந்தத் தம்பி கேட்ட முப்பதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாக யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதைக் கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறது. தேடல் பட்டியலில் சேர்ப்பதற்கோ, மேலே தூக்கி வைப்பதற்கோ அது பணம் வாங்குவதில்லை. காசு கொடுத்துப் போடுகிற விளம்பரம் வேறு. விளம்பரம் என்று குறியிட்டுத்தான் அதைக் காட்டுகிறார்கள். அந்த அம்மாள் பணத்தைக் கட்டியிருந்தாலும், டிக் இருந்த கட்டத்தில் அப்படியே இருந்திருந்தால், ஒரு ஆர்டரும் கூகுள் வழியாக வந்திருக்காது.

இரண்டு பூட்டு ஆகாது

பாட்டு வகுப்பு நடத்துகிற ஒரு டீச்சருக்கு வேறு விதமான தொல்லை. மாணவிகள் ஃபீஸ் கட்டுகிற பக்கம் கூகுளில் தெரியக் கூடாது என்று நினைத்தார். 'நோஇன்டெக்ஸ்' குறியும் போட்டு, 'ரோபாட்ஸ்' கோப்பிலும் அந்தப் பக்கத்துக்கு வராதே என்று எழுதி வைத்தார்கள். ஆனாலும் அதன் விலாசம் மட்டும் தேடலில் வந்துகொண்டே இருந்தது.

ரோபாட்ஸ் கோப்பு என்பது, எந்தப் பக்கம் போகலாம், எங்கே போகக் கூடாது என்று தேடுபொறிகளுக்கு எழுதி வைக்கிற வாசல் பலகை. 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்வைத்த யோசனை; 2022-ல்தான் முறையான இணையத் தரமாக வெளியாயிற்று. "வராதே" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே எழுதியிருக்கிற "யாருக்கும் காட்டாதே" என்ற குறிப்பைக் கூகுள் எப்படிப் படிக்கும்? வாசல் தடையை எடுத்தோம். கூகுள் உள்ளே வந்தது, குறிப்பைப் படித்தது, பட்டியலிலிருந்து பக்கத்தை நீக்கிவிட்டது. ஆனால் ஒன்று: உண்மையிலேயே ரகசியமான விவரங்களுக்கு இந்த இரண்டும் பாதுகாப்பு ஆகாது. அவற்றுக்குப் பாஸ்வேர்ட் போட்டே ஆக வேண்டும்.

போனில் திறந்து பாருங்கள்

ரவிக்கை தைக்கிற ஒரு தங்கை, போனில் எடுத்த படங்களை அப்படியே தன் வெப்சைட்டில் ஏற்றியிருந்தாள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருந்தது. போனிலோ படம் வருவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம்!

கூகுள் இப்போது ஒரு வெப்சைட்டைக் கைப்பேசியில் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் படிக்கிறது. 2024 ஜூலை 5-க்குப் பிறகு, கைப்பேசியில் திறக்கவே முடியாத வெப்சைட்டுகளைப் பதிவதில்லை என்றும் அறிவித்தது. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ இரண்டரை விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிவது நல்லது என்பது அது சொல்கிற அளவு. படங்களைச் சுருக்கி ஏற்றியதும் அந்தத் தங்கையின் பக்கம் சட்டென்று திறந்தது. "அக்கா, இப்பல்லாம் கஸ்டமர் பாதியில ஓடிப் போறதில்லை" என்றாள்.

புது வெப்சைட் போடுகிறீர்களா?

கட்டிக் கொடுப்பவரிடம் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. 'நோஇன்டெக்ஸ்' குறியை எடுத்தாயிற்றா? ரோபாட்ஸ் கோப்பில் வெப்சைட் முழுவதற்கும் தடை இல்லையே?

2. பழைய பக்கம் ஒவ்வொன்றும் சரியான புதுப் பக்கத்துக்குப் போகிறதா? பத்து விலாசத்தை நீங்களே தட்டிப் பாருங்கள்.

3. சைட்மேப் கொடுத்தாயிற்றா?

4. சாதாரண விலையுள்ள போன் ஒன்றில், வீட்டு வைஃபை இல்லாமல், பக்கம் சீக்கிரம் திறக்கிறதா?

5. பழைய வெப்சைட்டின் முழு நகல் உங்கள் கையில் இருக்கிறதா?

6. பண்டிகைக்குச் சரியாக முன்னால் மாற்றுகிறீர்களா? அப்படியானால் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. வெப்சைட்டின் பெயர்ப் பதிவு, அது இருக்கிற ஹோஸ்டிங் கணக்கு, சர்ச் கன்சோல் இவை மூன்றும் உங்கள் சொந்த ஈமெயிலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கட்டிக் கொடுத்தவருக்கு வேலை முடிகிறவரை அனுமதி கொடுத்தால் போதும். "எனக்கு இதெல்லாம் தெரியாது, தம்பி பார்த்துக்குவார்" என்று விட்டுவிட்டு, அந்தத் தம்பி போனை எடுக்காத நாளில் தவிக்கிற சகோதரிகளை நான் நிறையப் பார்க்கிறேன். இன்றைக்கே சமையல் முடிந்ததும் கேட்டு வாங்கி, பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.